குரங்குக்கு வைத்த பொட்டு

என் கணவரின் அக்காவுக்குத் திருகோணமலையில் பெண் குழந்தை பிறந்த செய்தி தஞ்சாவூரில் எங்கள் கைக்கு வந்தபோது குழந்தைக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. மாமியார் உயிரோடு இல்லை. பிறந்த வீட்டுச் சார்பில் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். என் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஆகவே நான். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவர் ஊரை நான் பார்த்ததில்லை. நான்கு வயது உமாவையும், அக்கா கேட்டிருந்த பெருங்காயத்தையும், காய்ந்த மிளகாயையும் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கிளம்பிய பிறகு, மழை தொடங்கும் நேரத்தில் குழந்தையைக் கடல் தாண்டி அழைத்துப் போவது சரியா என்று யோசித்தேன். கிளம்பிய பிறகு யோசிப்பது என் வழக்கம்.

கப்பலில் இரண்டு முறையும் ரயிலில் இரண்டு முறையும் உமா வாந்தி எடுத்தாள். கணவரின் பெரிய வெள்ளைக் கைக்குட்டை ஒன்று என்னிடம் இருந்தது. அதை நனைத்து, துடைத்து, பிழிந்து, உலர்த்தி, மறுபடி நனைத்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் அது எனக்கு மூன்றாவது கை மாதிரி ஆகிவிட்டது. சுங்கத்தில் மிளகாய்ப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்த அதிகாரி மூன்று தடவை தும்மினார். "பிள்ளைப்பெறு வீட்டுக்கோ? சரி, கொண்டு போங்கோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

நான் நாகப்பட்டினத்தில் பிறந்தவள். துறைமுகம் என்றால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என்பது என் எண்ணம். இங்கே கடல் குன்றுகளுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டு குளம் மாதிரி உட்கார்ந்திருந்தது. உலகத்துப் போர்க்கப்பல்கள் எல்லாம் நின்ற துறை என்று என் கணவர் பெருமையடிப்பார். நான் போய்ச் சேர்ந்த சனிக்கிழமை காலையில் இரண்டு கப்பல்களும் ஏராளமான காகங்களும் நின்றன.

எழுபதுகளின் நடுவில் அந்த நாட்டில் எதற்கும் வரிசைதான். ரொட்டியைப் பாண் என்கிறார்கள். அதற்கு ஒரு வரிசை. பால்பவுடரைப் பால்மா என்கிறார்கள். அதற்கும் ஒரு வரிசை. வாரத்தில் இரண்டு நாள் கடைகளில் சோறு விற்கக் கூடாதாம். சோற்றுக்கு விடுமுறை கொடுத்த நாட்டை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தேங்காய்ச் சம்பல் வைத்தார்கள். உமா, வீட்டில் இட்லிக்கு அழுகிற உமா, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். அவளுக்கு வயிறு வலிக்கும் என்று நான் காத்திருந்தேன். வலிக்கவில்லை. அதுவும் எனக்குக் கவலையாக இருந்தது.

அக்கா அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். பெயர் புவனேசுவரி. அவர் கணவர் துறைமுகத்தில் கிளார்க். நான் அண்ணா என்று கூப்பிட்டேன். எதற்கும் "பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குள் போய்விடுகிற மனிதர். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். பயணம் எப்படி, தம்பி எப்படி என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"மச்சாள், நீங்கள் விலங்கியல்தானே படிச்சனீங்கள்?" என்றார்.

"ஆமாம் அக்கா. பி.எஸ்ஸி."

"அப்ப கடவுள்தான் உங்களை அனுப்பினவர்" என்று சொல்லித் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

அது ஒரு பெட்டிசம். அரசாங்கத்துக்கு எழுதும் புகார் மனுவை அப்படித்தான் சொல்கிறார்கள். நாற்பது பெற்றோர் கையெழுத்திட்டு மேலிடத்துக்குப் போன மனுவின் நகல். நல்ல தமிழ். "மேற்படி ஆசிரியை மனிதன் குரங்கிலிருந்து வந்தவன் எனப் போதித்து மாணவரின் இறைபக்தியைக் குலைத்து வருவதுடன், மேற்படி குரங்குக்குப் பாடசாலை ஆய்வுகூடத்தில் சந்தனம் பூசிப் பொட்டிட்டு வணக்கமும் செலுத்தியுள்ளார்" என்று இருந்தது. கடைசியில் கோரிக்கை: உலகம் இறைவனால் படைக்கப்பட்ட வரலாற்றை விஞ்ஞான பாடத்தில் உரிய முறைப்படி கற்பிக்க வேண்டும்.

"கடவுள் இல்லையெண்டு சொன்னனானாம். குரங்கைக் கும்பிட்டனானாம். ரெண்டில ஒண்டைச் சொல்லட்டும் பாப்பம்" என்றார் அக்கா. "அதோட, குரங்கிலயிருந்து வந்தவன் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. குரங்குக்கும் எங்களுக்கும் ஒரு பொது மூதாதை எண்டுதான் சொன்னனான்."

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் நவராத்திரி வாணி விழா. நம் ஊர் ஆயுத பூஜை போலவே பிள்ளைகள் புத்தகங்களுக்கும் கருவிகளுக்கும் பொட்டு வைத்தார்கள். ஆய்வுகூடத்துக்குப் போன பிள்ளைகள் தராசுக்கு வைத்தார்கள், நுணுக்குக்காட்டி என்கிற மைக்ராஸ்கோப்புக்கு வைத்தார்கள், சாராய விளக்குக்கு வைத்தார்கள். சந்தனம் மிச்சமிருந்தது. சுவரில் ஒரு படம் தொங்கியது. மீன், தவளை, ஓணான், குரங்கு, மனிதன் என்று வரிசையாக ஐந்து உருவம். அந்த ஐந்தின் நெற்றியிலும் வைத்துவிட்டார்கள். அக்கா மறுநாளே பிரசவ லீவில் போய்விட்டார். படம் அப்படியே சுவரில் இருந்தது.

வியாழக்கிழமை விசாரணை. "பெட்டிசம் போனால் பாடம் மாறாது, மச்சாள். டீச்சர்தான் மாறுவா" என்றார் அக்கா. இரண்டு படகுத்துறை தாண்டி, பஸ் போகாத ஓர் ஊரில் டீச்சர் வேலை காலியாக இருக்கிறதாம். பால்மா கிடைக்காது, டாக்டர் கிடையாது. "பன்ரண்டு நாள் பிள்ளையோட நான் அங்கை போய் என்ன செய்யிறது?"

"விசாரணைக்கு நீங்களே போய் இதைச் சொல்லலாமே, அக்கா?"

"பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் கழியாமல் நான் படலை தாண்ட ஏலாது. துடக்கு. பள்ளிக்கூட வாசலில பிள்ளையார் இருக்கிறார்."

துடக்கு என்றால் நம் தீட்டு, படலை என்றால் வாசல் கேட். நான் சிரிக்கவில்லை. கல்லூரியில் பரிணாமத்தைப் பற்றிய கேள்விக்கு விடை எழுதிய தாளின் தலையில் நானும் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதினேன். அந்தக் கேள்விக்கு நல்ல மார்க்.

திங்கட்கிழமை, அக்காவின் வாக்குமூலத்தை ஒழுங்காக எழுதி வாங்குவதற்காகக் கச்சேரிக்குப் போனேன். இங்கே கச்சேரி என்றால் கலெக்டர் ஆபீஸ். பாட்டு எதுவும் இல்லை. வெளியே மரத்தடியில் மேசை போட்டுப் பெட்டிசம் எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் கெட்டிக்காரர் மரியநாயகம் என்று அண்ணா சொல்லியிருந்தார். கறுப்புக் கோட்டு, கழுத்தில் சிலுவை, காதில் பேனா. நகலைக் காட்டினேன். படித்துப் பார்த்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சிரித்தார்.

"இது நான் எழுதினது, தங்கச்சி."

நான் எழுந்துவிட்டேன்.

"இருங்கோ, இருங்கோ. மறுமொழியும் நானே எழுதித் தாறன். ஓட்டை எங்கை விட்டனான் எண்டு எனக்குத்தானே தெரியும்?"

"நீங்கள் எந்தப் பக்கம்?"

"ஞாயிற்றுக்கிழமை நான் கர்த்தர் பக்கம். கிழமைநாளில ரெண்டு பக்கமும்."

ஓட்டை எது என்பதையும் அவரே சொன்னார். மனுவைக் கொடுத்தது ஒருவர் அல்ல. பொட்டைப் பற்றிச் சொன்னவர் குறிஞ்சாக்கேணி காசிம் ஹாஜியார். குரங்கைப் பற்றிச் சொன்னவர் சாம்பல்தீவு கோயில் வண்ணக்கர். வண்ணக்கர் என்றால் நம் தர்மகர்த்தா. இரண்டு பேர் பிள்ளைகளும் ஒரே வகுப்பு. "தனித்தனியா அனுப்பினால் குப்பைக் கூடைக்குத்தான் போகும். நான்தான் ஒண்டாக் கட்டினனான். ஒருத்தற்றை பகுதியை மற்றவர் வாசிக்கேல்லை. கையெழுத்து மட்டும் போட்டவை."

"யாருடைய படைப்பு வரலாறு என்று எழுதவில்லையே?"

"அதுக்குத்தானே 'உரிய முறைப்படி' எண்டு போட்டிருக்கிறன்! அந்த ரெண்டு சொல்லுப் போட்டால், தங்கச்சி, வாசிக்கிற எல்லாருக்கும் தங்கட முறைதான் கண்ணில தெரியும்." இதை அவர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். தலையாட்டினேன். பிறகு, ஏன் தலையாட்டினேன் என்று வீடு வரை யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை ஹாஜியாரைப் பார்க்கப் புறப்பட்டேன். உமாவை விட்டுப் போக மனம் வரவில்லை, கூட்டிக்கொண்டு போகவும் மனம் வரவில்லை, கூட்டிக்கொண்டே போனேன். அவர் ஊர் இருக்கும் கிண்ணியாவுக்குப் போகிற ரோடு ஓரிடத்தில் தண்ணீருக்குள் இறங்கி முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு பெரிய பலகை மேடை மிதக்கிறது. பஸ் அதன்மேல் ஏறி நிற்க, ஆட்கள் கம்பியைப் பிடித்து இழுத்து அக்கரை சேர்க்கிறார்கள். அன்று மழை. பஸ்ஸின் பின்சக்கரம் பலகையில் வழுக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "எல்லாரும் இறங்குங்க" என்றார்கள். கணுக்கால் தண்ணீரில் நான் ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் பிள்ளையுமாக நின்றேன். ஒரு மீன் வியாபாரி கூடையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு உமாவைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"பத்திரம்..." என்றேன்.

"பயப்புடாதீங்க. ஒரு நாளைக்கு நூறு மீன் தூக்குற நான். ஒண்டையும் தண்ணிக்குள்ள திருப்பிப் போட்டதில்ல."

உமா நாள் முழுவதும் மீன் வாசம் அடித்தாள். கைக்குட்டைக்கு மறுபடி வேலை வந்தது.

ஹாஜியாருக்கு நெல் ஆலை இருந்தது. வெள்ளைத் தொப்பி, சுத்தமான பேச்சு. நாற்காலி போட்டு, எருமைத் தயிரும் சர்க்கரையும் கொண்டுவரச் சொன்னார். நான் கொதித்தாறிய தண்ணீர் உண்டா என்று கேட்கலாமா, கேட்டால் மரியாதைக் குறைவா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே உமா சட்டியில் பாதியை முடித்துவிட்டாள்.

நான் பொது மூதாதையைப் பற்றி எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். குரங்கு நமக்குத் தகப்பன் இல்லை, தூரத்துச் சொந்தம் என்றேன்.

"தகப்பன் இல்ல, சொந்தக்காரன்?"

"ஆமாம்."

"அது இன்னும் கரைச்சல், மகள். தகப்பன் எண்டா எப்பவோ மௌத்தாப் போயிட்டான் எண்டு விட்டிரலாம். சொந்தக்காரன் வீட்டுக்கு வருவான்."

அவரே முதலில் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "குரங்கை விடுங்க. சித்திரத்துக்குச் சந்தனம் பூசினா அது வணக்கம். என்ட புள்ளையும் அந்த வகுப்புல இருக்கு. அதுதான் எனக்குப் பொறுக்கல்ல."

நாங்கள் கத்தரிக்கோலுக்கும் லாரிக்கும்கூட வைப்போம், அது தொழிலுக்குச் செய்யும் மரியாதை என்றேன்.

"லொறிக்கு வைக்கிறது தெரியும். என்ட லொறிக்கே வைக்கிறான், டிரைவர் உங்கட ஆள். நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா லொறிக்கு முகம் இல்லத்தானே?"

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மகளின் குரல் கேட்டது. "வாப்பா, புவனேசுவரி டீச்சர் போனா எங்களுக்கு விஞ்ஞானத்துக்கு ஆர்? அவ வர முந்தி மூணு வருஷம் ஆளே இருக்கல்ல. நான் எப்பிடி டாக்குத்தராகுற?"

"டீச்சர மாத்த நான் கேக்கல்ல, புள்ள. பாடத்தத்தான் மாத்தச் சொன்ன."

பாடம் கொழும்பிலிருந்து வருகிறது, அதை யாராலும் அசைக்க முடியாது, அசைக்க முடிந்தது டீச்சரை மட்டும்தான் என்று அக்கா சொன்னதை நான் சொன்னேன். ஹாஜியார் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்தப் பொட்டை அழிச்சுப் போடுங்க, மகள். அது போதும். நான் ஒண்டும் கதைக்க மாட்டன்."

"பார்க்கிறேன்" என்றேன். நம் ஊரில் அதற்கு முடியாது என்று பொருள். அவர் நிம்மதியாகத் தலையசைத்தார்.

புதன்கிழமை சாம்பல்தீவு. வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன். வண்ணக்கர் மெலிந்த மனிதர். வீட்டைச் சுற்றி மிளகாய்த் தோட்டம். பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"மனிசன் தானா வந்தவன் எண்டால், பிள்ளை, பிரம்மா என்ன வேலை பார்த்தவர்?" என்று தொடங்கினார். "ஒரு பானை எண்டாலும் குயவன் வேணும். ஆருமே செய்யாமல், காத்தும் மழையும் பட்டு, நாள் போகப் போக ஒரு பொருள் மாறுமோ? என்ரை மகன் வந்து சொல்லுறான், அப்பா, நாங்களும் குரங்கும் ஒரே கிளையாம். குரங்கும் நானும் ஒண்டோ?"

அந்த நேரம் கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி, மேசைக்கு வந்து, சீப்போடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. வண்ணக்கர் எழுந்து முற்றத்துக்கு ஓடினார். கல்லை எடுக்கவில்லை, அனுமார் என்பதால் எறிய மாட்டாராம்.

"டேய்! வெக்கம் இல்லையோ உனக்கு? நேற்றும் வந்தனி, முந்தநாளும் வந்தனி! வீட்டில ஆக்கள் வந்திருக்கினம் எண்டும் பாக்கமாட்டியோ? உன்ரை பெண்சாதி பிள்ளையளுக்காவது குடுத்துத் தின்னடா!"

என் சித்தப்பா தன் தம்பியைத் திட்டும்போதும் இதே சொற்கள்தான். வண்ணக்கர் மூச்சு வாங்கியபடி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"என்ன சொன்னனான்? ஓம். ஒரு சம்பந்தமும் இல்லை."

கடைசியில் அவரும் இறங்கி வந்தார். டீச்சருக்கு இடமாற்றம் வந்தால் மகனுக்கும் விஞ்ஞானம் இல்லை என்பது அவருக்கும் புரிந்தது. "டீச்சரில எனக்குக் கோபம் இல்லை, பிள்ளை. படத்துக்குச் சந்தனம் வச்சிருக்கு எண்டு கேள்விப்பட்ட பிறகு மனம் ஆறீட்டுது. குரங்கைக் கேவலப்படுத்தேல்லை, அனுமாரா மதிச்சிருக்கிறா. அந்தப் பொட்டு அங்கை இருக்கும் வரைக்கும் நான் வாய் திறக்கமாட்டன். ஆரும் அதில கை வச்சால் பிறகு நான் சும்மா இருக்கமாட்டன்."

"பார்க்கிறேன்" என்றேன். அவரும் நிம்மதியாகத் தலையசைத்தார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு இருந்தால் ஹாஜியார் பேசுவார். போனால் வண்ணக்கர் பேசுவார். அக்கா பிள்ளை பெற்றவர்களுக்கு வைக்கும் சரக்குக் கறியோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"படத்தைத் தொட வேண்டாம், மச்சாள். இருந்தபடி இருக்கட்டும். நான் ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை."

"பாப்பம்" என்றார் அண்ணா, பத்திரிகைக்குள்ளிருந்து.

வியாழக்கிழமை உமாவை வீட்டில் விட்டுவிட்டு, அவளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அண்ணாவுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டு, எட்டரைக்கே பள்ளிக்கூடம் போனேன். பெற்றோர் வந்துவிட்டார்கள். விசாரிக்க வேண்டிய கல்வி அதிகாரி வரவில்லை. அவருடைய ஜீப் கண்டி ரோட்டில் கப்பல்துறை என்ற இடத்தில் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. பெற்றோர் மரத்தடியில் தேநீர் குடிக்கப் போனார்கள். பிரின்சிப்பல் என்னை ஆய்வுகூடத்தில் உட்காரச் சொன்னார். விசாரணை அங்கேதான்.

நானும் படமும் தனியாக இருந்தோம்.

கடல்காற்று ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. ஐந்து நெற்றியிலும் சந்தனம் காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம் கறுத்துப்போயிருந்தது. மீனுக்கு நெற்றி எது என்று தெரியாமல் கண்ணுக்குமேல் வைத்திருந்தார்கள். அக்கா தொட வேண்டாம் என்றார். ஆனால் மனுவில் எழுத்தில் உள்ள குற்றம் பொட்டுதான். அதை அதிகாரி கண்ணால் பார்ப்பார். குரங்குக்கு மட்டும் எடுத்துவிட்டால்? புகார் குரங்கைப் பற்றித்தானே? தண்ணீர்க் குழாயில் கைக்குட்டையை நனைத்துக் குரங்கின் நெற்றியில் மெதுவாக ஒற்றினேன்.

பொட்டு வந்தது. கூடவே படத்தின் மையும் வந்தது. குரங்கின் நெற்றியில் வெள்ளையாக ஒரு திட்டு.

இப்போது நான்கு பேருக்குப் பொட்டு இருந்தது, குரங்குக்கு மட்டும் இல்லை. வண்ணக்கர் இதைப் பார்த்தால் அனுமாரை மட்டும் ஒதுக்கியதாகச் சொல்வார். மனிதனுக்கும் எடுத்தேன். அங்கேயும் வெள்ளை. பிறகு ஓணானை மட்டும் விடுவதில் என்ன நியாயம்? தவளை. மீன். ஐந்தும் முடிந்தபோது வெளியே ஜீப் சத்தம் கேட்டது. கைக்குட்டையைச் சுருட்டிப் புடவைத் தலைப்புக்குள் பிடித்துக்கொண்டு பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அதிகாரி முழங்கால் வரை சேற்றோடு வந்தார். ஜீப்பைத் தள்ளியவர்களில் அவரும் ஒருவர். அக்காவின் வாக்குமூலத்தை வாசித்தார். பிறகு மனுவை உரக்க வாசிக்கச் சொன்னார். வண்ணக்கர் பொட்டைப் பற்றிய பத்தியைக் கேட்டு ஹாஜியாரைத் திரும்பிப் பார்த்தார். ஹாஜியார் கூரையைப் பார்த்தார்.

"படைப்பு வரலாற்றை விஞ்ஞான பாடத்தில உரிய முறைப்படி கற்பிக்க வேணுமெண்டு கேட்டிருக்கிறியள்" என்றார் அதிகாரி. "நல்லது. எத்தினை நாளில படைச்சது எண்டு நான் எழுதிறது?"

"ஆறு நாள்" என்றார் ஹாஜியார்.

"அதெப்படி? பிரம்மாவின்ரை ஒரு பகலே எத்தினையோ கோடி வருஷம்" என்றார் வண்ணக்கர்.

அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார். "கோடி வருஷம் எண்டால், ஐயா, டீச்சர் சொல்லுறதும் அதுக்குக் கிட்டத்தான் வருது."

"நான் அந்தக் கருத்தில சொல்லேல்லை!"

பின்னாலிருந்து ஒரு தாய் எழுந்தார். "எங்கட ஃபாதரும் ஆறு நாள் எண்டுதான் சொன்னவர். ஏழாம் நாள் ஓய்வு."

"ஓய்வை எத்தினையாம் பாடவேளையில போடுறது, அம்மா?" என்று அதிகாரி சிரிக்காமல் கேட்டார். "சரி. இது சோதனையில வந்தால் எது சரியான விடை? பேப்பர் திருத்துறது கொழும்பில. என்ன சமயத்து ஆள் திருத்துவார் எண்டு எனக்குச் சொல்ல ஏலாது."

டாக்டராகப் போகிற பிள்ளைகளும் இன்ஜினியராகப் போகிற பிள்ளைகளும் எல்லோர் மனக்கண்ணிலும் வந்து நின்றிருக்க வேண்டும்.

"சோதனைக்கு வாறதைப் படிப்பிச்சால் காணும், ஐயா" என்றார் வண்ணக்கர்.

"அதான் என்ட விருப்பமும்" என்றார் ஹாஜியார். ஆறு நாளும் கோடி வருடமும் கொழும்பு வினாத்தாளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றன.

அதிகாரி எழுந்து படத்தருகே போனார். எல்லோரும் பின்னால் போனார்கள். நான் பின்வரிசையிலேயே இருந்தேன்.

"பொட்டு எங்கை?"

ஹாஜியார் எட்டிப் பார்த்தார். "இல்லாட்டி நல்லம்தானே" என்றார். வண்ணக்கர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்தார். பொட்டு இல்லாத நெற்றிகளைப் பார்த்து அவர் முகம் இறுகியது. பிறகு அந்த வெள்ளைத் திட்டுகளை நிதானமாகப் பார்த்தார். "திருநீறு பூசினாப்போல கிடக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முகம் தளர்ந்தது.

ஆனால் அதிகாரி விடவில்லை. "இது அரசாங்கப் படம். அஞ்சு இடத்தில பழுது. ஆர் செய்தது? எழுதாமல் விட ஏலாது. பொறுப்பான டீச்சர்தான் பதில் சொல்ல வேண்டி வரும்."

பொறுப்பான டீச்சர் பன்னிரண்டு நாள்—இல்லை, பதினேழு நாள்—குழந்தையோடு கட்டிலில் இருந்தார், படத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு. சொல்லிவிட வேண்டியதுதான் என்று எழுந்தேன். சொன்னால், டீச்சரின் மச்சாள் சாட்சியத்தை அழித்தாள் என்று ஆகுமே என்று உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். ஹாஜியார் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு என் தலைப்பிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார்.

"உப்புக்காத்து, ஐயா" என்றார் அதிகாரியிடம்.

"என்ன?"

"கடலுக்குப் பக்கத்துல ஜன்னல். உப்புக்காத்துப் பட்டுப் பட்டுத் தானாத் தேஞ்சு போயிருக்கு. ஆரும் செய்யல்ல."

வண்ணக்கர் ஹாஜியாரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம், ஐயா" என்றார் உறுதியாக. "என்ரை வீட்டுக் கதவே அப்பிடித்தான். ஆரும் கை வைக்கத் தேவையில்லை. காத்தும் மழையும் போதும். நாள் போகப் போகத் தானா மாறும்."

"அஞ்சும் ஒரே மாதிரியோ? நெத்தியில மட்டுமோ?"

"இயற்கை, ஐயா. நாங்கள் என்ன சொல்ல ஏலும்?"

மற்றப் பெற்றோரும் ஆமோதித்தார்கள். அதிகாரிக்கு ஜீப்பை நினைத்தால் நேரமாகிக்கொண்டிருந்தது. படம் கடற்காற்றினால் பழுதடைந்தது என்றும், இடமாற்றம் தேவையில்லை என்றும், பாடத்திட்டத்தில் உள்ளதை உரிய முறைப்படி கற்பிக்க வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். ஹாஜியாரும் வண்ணக்கரும் ஒருவர் பேனாவை ஒருவர் வாங்கிப் போட்டார்கள்.

செய்கிறவன் இல்லாமல் எதுவும் ஆகாது என்று மனு கொடுத்தவர்கள், அந்த ஐந்து திட்டுகளும் தானாக உண்டானவை என்று சாட்சி சொன்னார்கள். செய்தவள் பின்வரிசையில் ஈரக் கைக்குட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். விலங்கியல் படித்தவள்.

வீட்டுக்கு ஓடினேன். உமாவுக்குக் காய்ச்சல் இல்லை. அக்கா படலையைப் பார்த்தபடி குழந்தையை மடியில் வைத்திருந்தார். இடமாற்றம் இல்லை என்றதும் குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

"படம் என்ன மாதிரி?"

"கொஞ்சம் பழுதாகிவிட்டது, அக்கா. உப்புக்காற்று."

"மூண்டு வருஷமா அந்தப் படத்தைத் தின்னாத உப்புக்காத்தோ?"

அக்கா கையை நீட்டினார். கைக்குட்டையைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். மஞ்சளாக ஐந்து கறை, ஒவ்வொன்றின் நடுவிலும் கருஞ்சிவப்பு. முகர்ந்தார். விஞ்ஞான டீச்சர், அதற்கு மேல் எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"மீனின்ரை வாசமும் அடிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, அதைக் குழந்தையின் துணிகள் ஊறிய வாளிக்குள் போட்டார்.